பூப்பாத்திக்கு ரோடு போட்ட ஓவர்சீயர்

"பார்த்துக்கோ. ஆகாசமே பொத்துக்கிட்டு ஊத்தினாலும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது!"

என் கணவர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இல்லை.

அவர் காட்டியது புதிதாகப் போட்ட ரோட்டை அல்ல. என் பூப்பாத்தியை.

என் தாய்மாமன் மகளுக்கு வளைகாப்பு என்று கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டு அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தேன். கையில் பை, பைக்குள் மாமி கட்டிக்கொடுத்த புளியோதரை, தலையில் வழியெல்லாம் சேர்ந்த புழுதி. போகும்போது வீட்டின் முன்னால் வெறும் தரையாக இருந்த இடத்தில் ஒரு சின்ன ரோடு முளைத்திருந்தது.

நிஜமாகவே ரோடுதான். நீளமாக, நடுமுதுகு உயர்ந்து, இரண்டு ஓரமும் சரிந்து, தட்டித் தட்டி இறுக்கப்பட்டு, பளபளவென்று கிடந்தது. இருபக்கமும் கருங்கல் துண்டுகள் வரிசையாக நடப்பட்டு, ஒன்றுக்கு வெள்ளை, அடுத்ததற்குக் காவி என்று பூசப்பட்டிருந்தன. ஒரு முனையில், எங்கோ மிச்சமான, ரோட்டில் தூரம் காட்டும் ஒரு ஃபர்லாங்குக் கல்லையும் ஊன்றியிருந்தார்கள். அதன் பக்கத்தில் ரோட்டு வேலை கேங்கின் மேஸ்திரி முனியப்பா, சுண்ணாம்பு மட்டையும் கையுமாக, பரிசு வாங்க நிற்பவனைப் போல நின்றிருந்தான்.

"இது பூப்பாத்திங்க," என்றேன்.

"பூப்பாத்திதான். அந்த கேம்பரைப் பாரு, அந்த நடுமேட்டை. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. ரோலர் வேற ரெண்டு தடவை ஏத்தி இறக்கினோம்."

பாத்தியின் மேல் ரோலர்! பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

தண்ணீரைப் பகைத்த மனிதர்

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகர், நான் எப்போது பார்த்தாலும் கணவரைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பதாக வருத்தப்பட்டிருக்கிறார். ஐயா, நீங்கள் ஒரு நெடுஞ்சாலை ஓவர்சீயரோடு குடும்பம் நடத்தியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம் அது. ஓசூரைத் தாண்டிப் பெங்களூர் போகும் பெரிய ரோட்டில், ஜூஜுவாடிக்குச் சற்று முன்னால், இடது கைப் பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸ். இன்னும் கொஞ்சம் போனால் மதுவிலக்கு செக்போஸ்ட். அதற்கு அப்பால் மைசூர் ராஜ்ஜியம். இந்தப் பக்கத்திலிருந்து யோக்கியர்களாகப் போகிறவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து தள்ளாடிக்கொண்டு திரும்பிவரும் எல்லை அது.

என் கணவர் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். தேங்கி நிற்கும் தண்ணீர்.

"ரோட்டைக் கெடுக்கிறது லாரியும் இல்ல, மாட்டு வண்டியும் இல்ல. தண்ணி. தண்ணி நின்னா தார் போச்சு, ஜல்லி போச்சு, அஸ்திவாரமே போச்சு," என்பார். சாப்பிடும்போது இலையில் ரசம் ஓடினால்கூட அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் கல்யாணப் பந்தலில் கை கழுவும் இடத்தில் சேறாகிவிட்டது என்று, மாலையும் கழுத்துமாகப் போய் வாய்க்கால் வெட்டச் சொன்னவர். மணமேடையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

மழை பெய்தால் மற்ற வீடுகளில் ஆண்பிள்ளைகள் பஜ்ஜி கேட்பார்கள். இவர் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவரிடம், "நான் வருவதற்குள் ஆளை விட்டுப் பாத்தி கட்டி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஜன்னலோரத்தில் ஒரு வெள்ளைத் துண்டு

எனக்கு எதற்குப் பூப்பாத்தி? அதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

நாங்கள் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மாந்தோப்பும் கொல்லைக்காடும் உள்ள குடும்பம். என்னைத் தன் அக்காள் மகனுக்குக் கொடுப்பதாக நைனா என்றைக்கோ வாக்குக் கொடுத்திருந்தார். நான் மாட்டேன் என்றேன். அந்த அத்தான் சந்தை நாளில் எப்படி வீடு திரும்புவார் என்று ஊருக்கே தெரியும். அம்மா என் பக்கம், தாய்மாமன் என் பக்கம். மாமன்தான் இந்த ஓவர்சீயர் ஜாதகத்தைக் கொண்டுவந்தார்.

நைனா ஊருக்காகக் கல்யாணத்துக்கு வந்து தாரை வார்த்துக் கொடுத்தார். கை அலம்பியதும் எல்லார் முன்னாலும் சொன்னார்: "காணி இல்ல, கரை இல்ல. ரோட்டுல கூலிங்களோட நிக்கிறவன். அவன் ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டன்."

மிதிக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை. மாமன் வீட்டு விசேஷங்களில் நான் அம்மாவைப் பார்ப்பதோடு சரி.

இதில் கொடுமை என்னவென்றால், மாங்காய் சீசனில் நைனா வாரா வாரம் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போவார். என் வீட்டு முன்னால் ஓடும் அதே ரோட்டில், அதே காலை பஸ்ஸில். முதல் சீசனில் ஒருநாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தால், பஸ் ஜன்னலில் நைனா! தலையில் வெள்ளைத் துண்டு, மடியில் குடை. நான் அரிசிமாவுக் கையோடு எழுந்து நின்றேன். அவர் முகம் டிரைவரைப் பார்த்தபடி நேராக இருந்தது. பஸ் போய்விட்டது. புழுதி மட்டும் வந்து என் கோலத்தின் மேல் உட்கார்ந்தது.

அதன் பிறகு அந்தச் சீசன் முழுக்க வாசலில் நின்றேன். ஒருமுறைகூட அந்த முகம் திரும்பவில்லை. பெற்ற மகள் ரோட்டோரத்தில் நிற்கிறாள், தலையைத் திருப்பினால் கழுத்து ஒடிந்துவிடுமா? அழுகை வரும். அழுது முடித்ததும் ஆத்திரம் வரும்.

அடுத்த சீசனுக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். மகளைப் பார்க்காவிட்டால் போகட்டும். செடியைப் பார்க்காமல் இருக்க முடியுமா அந்த மனிதரால்? மண்ணில் பிறந்து மண்ணிலேயே கிடப்பவர். வீட்டு முன்னால் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு பூப்பாத்தி போட வேண்டும். தன் மகள் புழுதி தின்றுகொண்டு கிடக்கவில்லை, நன்றாகத்தான் வாழ்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அது தெரிந்தால் போதும்.

கொடியில் போட்ட சேலைகள்

பூப்பாத்தி போடுவது சுலபம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நின்று பார்க்கும் பாத்தி வேறு. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கும் பாத்தி வேறு.

பெங்களூரில் மலர்க் கண்காட்சி ஒன்றுக்கு ஒருமுறை போயிருந்தேன். அங்கே ஒவ்வொரு பூவாகக் குனிந்து பார்த்தார்கள். என் பாத்தியைப் பார்க்க வேண்டியவர் குனியப்போவதில்லை. கண்ணை இமைக்கும் நேரத்தில் வீடு பின்னால் போய்விடும். அதற்குள் நிறம் போய் அவர் கண்ணில் விழ வேண்டும். நாலு விதமும் கலந்து போட்டால் தூரத்தில் எல்லாம் சேர்ந்து மண் நிறமாகத்தான் தெரியும்.

எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது நிற்கலாம் என்று பார்க்க என் சேலைகளை எல்லாம் எடுத்தேன். வீட்டு முன்னால் கொடி கட்டி, இரண்டிரண்டாகப் போட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். அரக்கும் ஆரஞ்சும் சேர்த்துப் போட்டால் அடிதடி. ஆகவே அரக்கு நிறக் கோழிக்கொண்டைப் பூ வேண்டாம். பச்சை போட்டால் புளியமரத்தோடு போய்விட்டது. கத்தரிப்பூ நிறமும் மஞ்சளும் நன்றாக எடுத்தன, ஆனால் ஒட்டி நின்றால் இரண்டும் முறைத்துக்கொண்டன. நடுவில் ஒரு வெள்ளைச் சேலையைப் போட்டேன். உடனே இரண்டும் அடங்கி, தத்தம் இடத்தில் அழகாக நின்றன. வீட்டுக்கு வீடு அப்படி ஒரு ஆள் நடுவில் வேண்டியிருக்கிறது.

ஓடும்போது எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டுமே. கேங் லாரியில் வேலைக்குப் போகும் கணவரிடம், "போகிற போக்கில் பார்த்து எப்படி இருக்கிறதென்று சாயந்திரம் சொல்லுங்கள்" என்று கெஞ்சினேன்.

சாயந்திரம் வந்து சொன்னார்: "யாரோ துணி காயப்போட்ட மாதிரி இருந்தது."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

திட்டத்தை நானே முடித்தேன். பின்வரிசையில் உயரமாக மஞ்சள் செண்டுமல்லி. நடுவரிசையில் வெள்ளைக் காசித்தும்பை. ரோட்டை ஒட்டிய முன்வரிசையில் குட்டையாக, கத்தரிப்பூ நிறத்தில் வாடாமல்லி. மூன்று பட்டை, அகலமாக, அழுத்தமாக. மாசி பிறந்ததும் உடைந்த பானைகளில் விதை போட்டேன். ஓசூர்க் குளிர் விலகி வெயில் ஏறும்போது நாற்றுகள் தளதளவென்று வந்தன. மாங்காய் சீசன் சூடுபிடிக்கும்போது பூத்துவிடும் என்று கணக்கு. பாத்தி ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில்தான் வளைகாப்புக்குப் போனேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

முனியப்பாவின் சுண்ணாம்பு

"இதை உடைத்துத் திரும்பப் போடுங்கள்," என்று அன்றே சொன்னேன்.

"உடைக்கிறதா? ரோலர் ஏத்தினதை உடைக்கணும்னா கடப்பாரை வேணும். நாளைக்கு கேங் சூளகிரிப் பக்கம் போகுது. வாய்க்காலுக்கு கல்வெர்ட்டு கட்டற வேலை."

"அம்மாவ்ரே, நல்லாதானே இருக்குது," என்றான் முனியப்பா. அவன் வீட்டில் கன்னடம், வேலையில் தெலுங்கு, எங்களிடம் மட்டும் தமிழ். "சுண்ணாம்பு ரெண்டு வாட்டி அடிச்சிருக்கேன். ராத்திரி லாரி வந்தாகூட தெரியும்."

பூப்பாத்தியின் மேல் எந்த லாரி வரப்போகிறது என்று அவனிடம் கேட்டுப் பயனில்லை. முனியப்பாவுக்கு அசையாமல் நிற்கிற எதையும் வெள்ளையடித்துவிட வேண்டும். மைல் கல், புளியமரம், பாலத்துக் கைப்பிடிச் சுவர் எல்லாம் அவன் வேலை, சரி. ஒருமுறை என் ஆட்டுக்கல்லுக்கும் அடித்துவிட்டான். இட்லிக்கு அரைத்து ஊற்றியபோது சுண்ணாம்பு வாசனை வந்தது. இவர், "டிப்பார்ட்மெண்ட் சுண்ணாம்பு, சுத்தமானது" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

நாற்றுகள் பானையில் கழுத்து நீண்டு போய்க்கொண்டிருந்தன. காத்திருக்க நேரமில்லை. கேங் சூளகிரிக்குப் போன பிறகு நானே கடப்பாரையை எடுத்துக் குழி போட்டேன். ஒவ்வொரு குழிக்கும் 'ணங்' என்று சத்தம் வந்தது. உள்ளங்கை கொப்பளித்து, மூன்று வரிசையும் நட்டு முடித்தபோது இடுப்பு விட்டுப்போயிற்று.

பிறகு தண்ணீர். குடம் குடமாகக் கிணற்றிலிருந்து சுமந்து ஊற்றினேன். என் கணவர் சொன்னது பொய்யாகவில்லை. ஒரு சொட்டு நிற்கவில்லை. ஊற்றுகிற வேகத்தில் நடுமேட்டிலிருந்து இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. அதைப் பார்த்து அவர், "எப்படிப் போகுது பார்!" என்று ரசித்தார்.

பின்னால் நின்ற செண்டுமல்லிக்குத் தண்ணீர் கிடைத்தது. முன்னால் நின்ற வாடாமல்லிக்கும் கிடைத்தது. நடு முதுகில் நின்ற காசித்தும்பைக்கு மட்டும் எதுவும் தங்கவில்லை. காசித்தும்பை ஒருவேளை தண்ணீர் தவறினாலே தலையைத் தொங்கப்போடும் சாதி. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மஞ்சளும் கத்தரிப்பூவும் பூக்கத் தொடங்கியபோது, நடுவில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வாடிய கீரைக்கட்டைப் பிரித்துப் போட்ட மாதிரி ஒரு பட்டை கிடந்தது.

சீசன் தொடங்கி, நைனா பஸ்ஸில் போய்வர ஆரம்பித்துப் பல வாரங்களாகிவிட்டன. இந்த அலங்கோலத்தையா அவர் பார்க்க வேண்டும்? என் மகள் வாழ்கிற லட்சணம் இதுதான் என்றல்லவா நினைப்பார்? போன வருஷம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்று அழுதேன். இந்த வருஷம், பஸ் சத்தம் கேட்டதும், பார்த்துத் தொலைக்காமல் இருக்க வேண்டுமே என்று கதவை மூடிக்கொண்டு உள்ளே நின்றேன்.

நடு ரோட்டில் நின்ற பஸ்

ஒருநாள் கதவை மூட நேரமில்லை. நான் காசித்தும்பைக்குக் குடத்தோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கேங் திரும்பி வந்துவிட்டிருந்தது. முனியப்பா, தண்ணீரில் கரைந்துபோன சுண்ணாம்பைப் பார்த்து வருத்தப்பட்டு, கற்களுக்கு மறுபடி பூசிக்கொண்டிருந்தான்.

காலை பஸ் வந்தது. எங்கள் வீட்டைத் தாண்டியது. தாண்டி, கீச்சென்று நின்றது.

கதவு திறந்து நைனா இறங்கினார். குடையைக் கக்கத்தில் இடுக்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பி நடந்து வந்தார். பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

என் கையில் குடம்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பாத்தியிடம் வந்து, காலால் அந்த மேட்டை ஒரு தட்டுத் தட்டி, முனியப்பாவிடம் கேட்டார்:

"இன்னாடா இது? பாத்தியா, சமாதியா?"

"பாத்திங்க," என்றான் முனியப்பா.

"எவன்டா போட்டான் இத?"

"ஓவர்சீயர் சார் சொன்னாரு, நாங்க செஞ்சோம்."

"ரோலரு ஏத்தறப்பவே பாத்தன். ஏதோ கல்லு அடுக்கப் போறானுங்கன்னு நெனச்சன். அடுத்த வாரம் பாத்தா, அது மேல செடி! போவும்போது பாத்தன், வரும்போது பாத்தன், வாரா வாரம் பாத்துகினுதான் போறன். நடு வரிசை செத்துகினு கீது, ஒருத்தனுக்காச்சும் கண்ணு இல்ல? பஸ்ஸுல குந்திகினு எத்தினி நாளுக்குடா பாத்துகினு இருக்கறது, வயிறு எரியுது!"

போகும்போது பார்த்தாராம். வரும்போது பார்த்தாராம். போகும்போது எங்கள் வீடு பஸ்ஸுக்கு இடது பக்கம். வரும்போது வலது பக்கம். அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் எங்கள் வீடு இருக்கும் பக்கமாகத் தேடிப் பிடித்து உட்கார்ந்து வந்திருக்கிறார். நான் வாசலில் நிற்கும்போது மட்டும் முகத்தை நேராக வைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் பொய். எரிச்சல்தான் வந்தது. இத்தனை நாள் பார்த்துக்கொண்டு போன மனிதர் ஒரு தடவை கையை அசைத்திருந்தால் என்ன? நான் ஏன் சேலைகளைக் கொடியில் போட்டேன், கடப்பாரையால் உள்ளங்கையை உரித்துக்கொண்டேன்? கத்த வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்து தொலைத்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நைனா அதற்குள் முனியப்பாவின் மண்வெட்டியைப் பிடுங்கி, மேட்டின் ஒரு முனையைக் கொத்தத் தொடங்கியிருந்தார். முதல் வெட்டிலேயே ஒரு வெள்ளைக் கல் உருண்டது. "அய்யய்யோ, இப்பதான் அடிச்சேன்!" என்று முனியப்பா ஓடிவந்தான்.

சத்தம் கேட்டு என் கணவர் வெளியே வந்தார். மாமனாரைப் பார்த்ததும் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, "வாங்க மாமா, உள்ளே வாங்க," என்றார். அடுத்த நிமிஷமே தன் கேம்பர் சிதைவதைப் பார்த்து முகம் மாறிவிட்டது. "மாமா, அது நடுவில் உயரமா இருக்கணும். தண்ணி நிக்கக் கூடாது."

நைனா அவர் பக்கம் திரும்பவில்லை. "முனியப்பா, நிக்காத தண்ணியில எந்தச் செடி வளரும்னு உங்க ஓவர்சீயர கேளு."

"சார், நிக்காத தண்ணியில..."

"காதில் விழுந்தது. வேர் அழுகிடும்னு அவர்கிட்ட சொல்லு."

"வேர் அழுகிடுமாம்ங்க."

"எனக்கே சொல்லிக் குடுக்க வந்துட்டானா? நான் எத்தினி மரம் வெச்சிருக்கன்னு கேளு."

"சார், எத்தினி மரம்..."

முனியப்பா வெயிலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இருக்காது. பெண்ணைக் கொடுத்தவர், பெண்ணை எடுத்தவர், இரண்டு வருஷம் கழித்துச் சந்திக்கிறார்கள், தண்ணீர் நிற்கலாமா கூடாதா என்று சண்டை. பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. பெண்ணான நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மோர் கரைத்துக்கொண்டு வந்தேன். நைனா வாசப்படியை ஒரு பார்வை பார்த்தார். மோர்ச் சொம்பு படிக்கு வெளியே, என் கையில் இருந்தது. வாங்கி அண்ணாந்து குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போதும் தலை குனிந்தே இருந்தது. அந்தத் தலை நிறைய நரைத்துவிட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பாத்தியில் சரிபாதியை வெட்டி, மட்டம் பண்ணி, செடிகளை மண்ணோடு பெயர்த்துத் திரும்ப நட்டு, ஓரத்தை உயர்த்திக் கட்டியிருப்பார். அதற்குள் அடுத்த பெங்களூர் பஸ் வந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு குடையை நீட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.

"மீதிப் பாதிங்க?" என்று முனியப்பா கேட்டான். பஸ் கிளம்பிவிட்டது.

மீதிப் பாதி

மறுநாள் காலையில் என் கணவர் கேங்கைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டி, கடப்பாரையோடு பாத்தியருகே வந்தார்.

"போகட்டும். அவர் சொன்னதையும் ஒரு தடவை பார்த்துடலாம். முனியப்பா, மீதியையும் வெட்டி மட்டம் பண்ணிடு," என்றார். அவருடைய மதத்தையே மாற்றிக்கொண்டதற்குச் சமம் அது. எனக்காகத்தான் செய்தார், எனக்குத் தெரியும்.

நான் போய் நடுவில் நின்றேன்.

"அதைத் தொடக் கூடாது."

"என்னது?"

"அந்தப் பாதி அப்படியே இருக்கட்டும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? "ஏம்மா, பாத்தியைக் கெடுத்துட்டேன்னு ரெண்டு மாசமா என் உயிரை எடுத்தே. சரி பண்றேன்னு வந்தா வேணாங்கிறே. உனக்கு என்னதான் வேணும்?"

"சரியாகிவிட்டால் அவர் எதுக்கு இறங்குவார்?" என்றேன்.

என் கணவர் கொஞ்ச நேரம் பாத்தியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு முனியப்பாவைக் கூப்பிட்டு, "போய் வேற வேலையைப் பாரு," என்றார்.

நைனா வெட்டிய பாதியில் தண்ணீர் தங்கி, பிழைத்திருந்த காசித்தும்பைகள் நிமிர்ந்தன. மஞ்சள், வெள்ளை, கத்தரிப்பூ என்று நான் நினைத்த மூன்று பட்டையும் அங்கே ஒழுங்காக வந்தது. மற்றப் பாதி பார்க்கச் சகிக்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம், ஏன் இப்படிப் பாதியில் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று விட்டேன்.

அடுத்த வாரம் காலை பஸ் எங்கள் வீட்டைத் தாண்டவில்லை. வாசலுக்கு நேராகவே நின்றது. நைனா இறங்கினார். கையில் குடை இல்லை. சாக்கில் சுற்றிய சொந்த மண்வெட்டி இருந்தது. ரோட்டு வேலைக்காரன் மண்வெட்டி எதற்கும் ஆகாது என்று நினைத்திருப்பார் போல.

முனியப்பாவை அங்குமிங்கும் தேடினார். அவனை நான் காலையிலேயே வேலையாகச் செக்போஸ்ட் பக்கம் அனுப்பிவிட்டிருந்தேன். என் கணவரும் அவராகவே குளிக்கப் போய்விட்டார். நைனாவுக்குத் திட்ட வேறு ஆள் இல்லை.

வாடிக் கிடந்த பாதியைப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நேராக, என் கண்ணைப் பார்த்துக் கத்தினார்:

"இன்னும் அப்பிடியேவா போட்டு வெச்சிருக்க? இந்த ஊட்டுல ஒரு வேலையும் உருப்படியா ஆவாதா?"

"ஆவாது நைனா," என்றேன்.